பேஸ்மேக்கர் பாக்கெட்டில் சின்ன துளை, காய்ச்சல் இல்லை: மாத்திரையில் ஆறுமா?

வார்டு_டியூட்டி:
வயது 71. இரட்டை லீட் (இதயத்துக்குள் போகும் கம்பி) பேஸ்மேக்கர் வைத்து 4 வருடம். பாக்கெட் (கருவி இருக்கும் தோலடிப் பை) மேல் தோல் மெலிந்து குண்டூசி முனை அளவு துளை, அழுத்தினால் நீர் கசிகிறது. காய்ச்சல் இல்லை, வெள்ளணு நார்மல், நெஞ்சு எக்கோவிலும் ஒன்றுமில்லை. வெளியில் 5 நாள் அமாக்சிசிலின்-கிளாவுலனேட் (ஆன்டிபயாட்டிக்) மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஊசியால் உறிஞ்சி கல்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) அனுப்பலாமா? தோலைச் சீர் செய்து தைத்து மூடினால் போதுமா?

லேப்_பக்கம்:
பாக்கெட்டில் ஊசி போடவே வேண்டாம் சார். கிருமி இல்லாத இடத்துக்கும் தோல் கிருமியை உள்ளே கொண்டுபோய்விடும், லீட் உறையும் கிழியலாம். ஆள் நிலையாக இருப்பதால் மாத்திரையை நிறுத்திவிட்டு ரத்தக் கல்சர் 3 செட், மூன்றும் வெவ்வேறு இடத்தில் குத்தி எடுங்கள். பாட்டிலுக்கு 8–10 மி.லி. வேண்டும், 3 மி.லி. விட்டு "வளர்ச்சி இல்லை" என்று ரிப்போர்ட் வாங்கிப் பயனில்லை. குளோர்ஹெக்சிடின் காயும்வரை பொறுங்கள், ஏற்கெனவே போட்ட கேனுலாவிலிருந்து எடுக்காதீர்கள். ஒரே ஒரு பாட்டிலில் கோயகுலேஸ் நெகட்டிவ் ஸ்டாஃபைலோகாக்கஸ் (தோலில் சாதாரணமாக வாழும் கிருமி) வந்தால் பெரும்பாலும் தோல் கலப்படம்; இரண்டு மூன்று செட்டில் அதே கிருமி என்றால் நிஜம்.

லீட்_எடுப்பவன்:
துளை விழுந்துவிட்டால், கல்சர் நெகட்டிவ் ஆனாலும் பாக்கெட் தொற்றுதான். தைத்து மூடினால் சில வாரத்தில் பக்கத்திலேயே இன்னொரு துளை வரும், ஏனென்றால் கிருமி உலோகத்திலும் லீட் உறையிலும் பயோஃபிலிமாக (வழவழப்பான கிருமிப் படலமாக) ஒட்டியிருக்கிறது, மருந்து அங்கே சரியாக எட்டாது. ஜெனரேட்டர் (பேட்டரிப் பெட்டி), லீட் எல்லாமே வெளியே வர வேண்டும். அதற்கு முன் டிஇஇ (உணவுக்குழாய் வழியாக எடுக்கும் எக்கோ) அவசியம். நெஞ்சு எக்கோ லீட் மேலிருக்கும் வெஜிடேஷனை (கிருமியும் ரத்த உறைவும் சேர்ந்த கட்டியை) சுலபமாகத் தவறவிடும்.

4 வருட லீட் வெறும் இழுப்புக்கு வராமல் போகலாம், சிரையோடு நார்த்திசு பிடித்திருக்கும். மேல் பெருஞ்சிரை கிழிந்தால் சில நிமிடத்துக்குள் நெஞ்சைத் திறக்க வேண்டியிருக்கும். லேசர் அல்லது மெக்கானிக்கல் ஷீத் (லீட் மேல் செலுத்தி நார்த்திசுவை அறுக்கும் குழாய்), கூடவே தயார் நிலையில் இதய அறுவை டீம் உள்ள இடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும்.

வார்டு_டியூட்டி:
பேஷன்ட் முழுக்க பேஸிங்கை நம்பி இருக்கிறார். இடைப்பட்ட நாட்களுக்கு?

லீட்_எடுப்பவன்:
கழுத்துச் சிரை வழியாக ஸ்க்ரூ-இன் லீட் ஒன்றைப் பொருத்தி, தோலுக்கு வெளியே ஒரு ஜெனரேட்டரோடு இணைத்துவிடுங்கள். சாதாரண டெம்பரரி வயர் நழுவும். எடுத்த பிறகு அனுப்பும் ரத்தக் கல்சர் 72 மணி நேரமாவது நெகட்டிவாக இருந்தால் எதிர்ப்பக்கம் புதியது வைக்கலாம். வால்வில் வெஜிடேஷன் என்றால் குறைந்தது 14 நாள்.

லேப்_பக்கம்:
எடுக்கும்போது பாக்கெட் திசுவையும் லீட் நுனியையும் அனுப்புங்கள். துளையில் துடைத்த ஸ்வாப் வேண்டாம். நுனியில் வளர்ந்ததை மட்டும் வைத்து ரத்தத் தொற்று என்று முடிவு கட்டாதீர்கள், பாக்கெட் வழியாக இழுக்கும்போதே ஒட்டியிருக்கலாம்.

ரிப்போர்ட் வரும்வரை வேன்கோமைசின், கிலோவுக்கு 15–20 மி.கி., 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, கிரியாட்டினினுக்கு (சிறுநீரக அளவீடு) ஏற்ப. வேகமாக ஏற்றினால் உடம்பு சிவந்து அரிக்கும். 1 கிராமுக்கு 1 மணி நேரமாவது கொடுங்கள். மெதிசிலினுக்கு அடங்கும் ஸ்டாஃப் என்று தெரிந்ததும் செஃபசோலின் 2 கிராம் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை என மாற்றிவிடுங்கள், இதில் வேன்கோமைசின் ஒரு படி கீழேதான். தொற்று பாக்கெட்டோடு நின்றிருந்தால் எடுத்த நாளிலிருந்து 10–14 நாள். வால்வு வரை போயிருந்தால் 4–6 வாரம், அதை முதல் நெகட்டிவ் கல்சர் நாளிலிருந்து எண்ணுங்கள்.