புதுப்பிப்பு: அலுமினிய பைப் அடுக்கின் ஆட்டம் நின்றது

பைப்பும் அவற்றை இணைக்கும் ஜாயின்ட்டும் கொண்டு நான் கட்டிய சாமான் அடுக்கு பக்கவாட்டில் ஆடுகிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி.

போல்ட்டுகளை இன்னும் இறுக்கியதில் பயனில்லை. பலித்தது, பின்பக்கம் மூலைக்கு மூலை சாய்வாக ஒரு பைப் கொடுங்கள் என்ற யோசனைதான். அதைப் பொருத்தப் போனபோதுதான் குட்டு வெளிப்பட்டது: இரண்டு மூலைவிட்டங்களுக்கும் 14 மி.மீ. வித்தியாசம். சட்டமே கோணல்! எல்லாவற்றையும் தளர்த்தி, தரையில் படுக்கவைத்து, இரண்டு அளவும் சமமான பிறகே ஆலன் கீயால் (போல்ட் திருகும் அறுகோணச் சாவி) இறுக்கினேன்.

எதிர்பாராதது ஒன்று: ஒரு ஜாயின்ட்டுக்குள் பைப் முழுதாக நுழையவேயில்லை. நான் ரம்பத்தால் அறுத்த ஓரத்தில் நின்ற பிசிறுதான் காரணம். அரத்தால் ராவியதும் கச்சிதமாக உட்கார்ந்தது.

இப்போது கீழ்த்தட்டில் 25 கிலோ அரிசி மூட்டை இருக்கிறது. அசைவில்லை.