நோட்டீஸ் மாதத்தில் களவுக் கதை: கேட்பதா, பொறுப்பதா?

கடலோரம்:
திருகோணமலை டவுனில் ஒரு தனியார் நிறுவனக் கிளையில் ஆறு வருடமாகக் கணக்குப் பகுதியில் இருக்கிறேன். வேறு வேலை கிடைத்ததால் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டேன். ஒரு மாத நோட்டீஸில் இன்னும் 17 நாள் இருக்கிறது. போன வாரம் பிளேன்டீ ஊற்றப் போனபோது உள்ளே நடந்த பேச்சு சட்டென்று நின்றது. சீனிப் போத்தலை மூடாமலே இரண்டு பேர் வெளியே போனார்கள். பிறகு ஒரு தங்கச்சிதான் சொன்னாள். அலுவலகச் சின்னச் செலவுக்கு வைக்கிற சில்லறைக் காசில் நான் கை வைத்தேனாம், அதனால்தான் போகச் சொல்லிவிட்டார்களாம். இரவில் நித்திரை இல்லை. நேரே கேட்கவா, பொறுத்துக்கொண்டு போகவா?

உப்புவெளியான்:
பொறுத்துக்கொண்டு போங்கள் தங்கச்சி. 17 நாள் ஓடிவிடும். கோபத்தில் நீங்கள் ஒரு சொல் சொன்னால் ஆறு வருட உழைப்பு மறந்துபோய் அந்தச் சொல்தான் மிஞ்சும். இது கொழும்பு இல்லை. மீன் வாங்கப் போனாலும் பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போனாலும் அதே முகங்களைத்தான் பார்க்க வேண்டும்.

அன்புவழிபுரம் அக்கா:
சின்ன ஊர் என்பதால்தான் பேச வேண்டும் என்கிறேன். யாரோடு சிரித்தாள், யாரோடு கோபம் என்ற கதை என்றால் நானும் விடு பிள்ளை என்பேன். இது களவுப் பழி. கணக்கு வேலை செய்கிற பிள்ளைக்கு இதைவிடப் பெரிய பழி ஏது? அவள் புது இடத்துக்குப் போகுமுன் இந்தக் கதை அங்கே போய் உட்கார்ந்திருக்கும். அந்த இரண்டு பேரையும் கூப்பிட்டுக் கேள்.

உப்புவெளியான்:
கேட்டால் "யார் உனக்குச் சொன்னது?" என்றுதான் முதலில் திருப்பிக் கேட்பார்கள். சொன்ன தங்கச்சி நாளைக்கும் அங்கேதான் வேலை செய்யப்போகிறாள். அவளை மாட்டிவிடுவது சரியா அக்கா?

அன்புவழிபுரம் அக்கா:
சரி, அது நான் யோசிக்காத விஷயம். அவள் பெயர் வரக்கூடாது. ஆனால் வாயை மூடிக்கொண்டு போனால் கதை உண்மையாகிவிடும், இதில் நான் மாறமாட்டேன்.

லெட்ஜர்:
நான் 20 வருடமாகக் கணக்குப் பார்க்கிறவன். இரண்டு பேரும் வாயைப் பற்றியே பேசுகிறீர்கள், நான் தாளைப் பற்றிப் பேசுகிறேன். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைக் கொடுப்பனவுச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்த மாதச் சம்பளக்காரருக்கு விலகும்போது பணிக்கொடையாக வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் உண்டு. உங்களுக்கு ஆறு வருடம் என்றால் மூன்று மாதச் சம்பளம். விலகி 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். அதே சட்டத்தில், மோசடிக்காகவோ பணக் கையாடலுக்காகவோ வேலையிலிருந்து நீக்கப்பட்டவர், ஏற்பட்ட நட்டத்தின் அளவுக்குப் பணிக்கொடையை இழப்பார் என்றும் இருக்கிறது. ஆகவே இதை வெறும் தேநீர்க் கதையாக எடுக்காதீர்கள். நீங்களாகத்தான் விலகினீர்கள் என்பதற்கு, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்ட ராஜினாமாக் கடிதப் பிரதி கையில் இருக்கிறதா? இல்லையென்றால் நாளைக்கே வாங்குங்கள். கடைசி நாள் வரை காத்திருக்காமல் முகாமையாளர் முன்னால் காசை எண்ணி, சில்லறைக் காசேட்டோடு ஒப்பிட்டு, இருவரும் கையெழுத்து வையுங்கள்.

உப்புவெளியான்:
இப்போது போய் எண்ணச் சொன்னால் "ஏன் பயப்படுகிறாள்?" என்று இன்னொரு கதை கட்டமாட்டார்களா?

லெட்ஜர்:
பொறுப்பை ஒப்படைக்கிற யாரும் எண்ணித்தான் கொடுக்க வேண்டும். இதில் பயத்துக்கு என்ன இருக்கிறது?

அன்புவழிபுரம் அக்கா:
காசேடு முகாமையாளரின் வாயை அடைக்கும். தேநீர் அறைக்கு யார் போய்ச் சொல்வது? அதனால் எண்ணும்போது அந்த இரண்டு பேரில் ஒருவரைச் சாட்சிக்குக் கூப்பிடச் சொல். சண்டை வேண்டாம், பெயரும் வேண்டாம். அவர்களே பார்க்கட்டும்.

உப்புவெளியான்:
சாட்சிக்கு வைப்பது மரியாதையான வழிதான். நேரே கேட்பதற்கு நான் இன்னும் சம்மதமில்லை.

கடலோரம்:
நேற்று எண்ணினோம். கடிதப் பிரதியிலும் கையெழுத்து வாங்கிவிட்டேன். சாட்சிக்கு முகாமையாளர் கூப்பிட்டது சீனிப் போத்தலை மூடாமல் போன அக்காவைத்தான். நோட்டுகளை அவர் கையாலேயே இரண்டு தடவை எண்ணினார். ஒரு ரூபாயும் குறையவில்லை. கையெழுத்து வைக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை, உப்புவெளி அண்ணா. பின்னேரம் அவரே ஒரு பிளேன்டீ கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். குடித்தேன். இன்னும் 14 நாள்.