ஷாங்க், ஃபேட், தின், டாப்: எது எது?

கேள்வி:
கோல்ஃபில் அடி பிசகினால் ஆளுக்கொரு பேர் சொல்கிறார்கள். ஃபேட், சங்க், தின், ஸ்கல், டாப் எல்லாம் ஒன்றா, வேறு வேறா? வலதுகைக்காரர் 7 அயர்ன் என்ற மட்டையால் அடித்து, பந்து வலப்பக்கம் ஓடினால் அது ஸ்லைஸா, ஷாங்க்கா?

பதில் 1:
காற்றில் போகப் போக வலப்பக்கம் வளைந்தால் ஸ்லைஸ். கிளம்பும்போதே தாழ்வாக வலப்பக்கம் தெறித்தால் பெரும்பாலும் ஷாங்க். பந்து கிளப் (மட்டை) முகத்தில் படாமல், ஷாஃப்ட் என்ற தண்டு செருகியிருக்கும் கழுத்தில், அதாவது ஹோசலில் பட்டிருக்கும். அந்தப் பேரை வாயால் சொன்னாலே தொற்றிக்கொள்ளும் என்று பயப்படுகிறவர்களும் உண்டு!

ஆனால் கிளப்பின் நுனியில் பட்டாலும் பந்து வலம்தான் போகும். கிளப் முகத்தில் பாதத்துக்கான பவுடர் ஸ்ப்ரேயை அடித்துவிட்டு ஒரு பந்து அடித்துப் பாருங்கள், தடம் காட்டிக்கொடுத்துவிடும். ஷாங்க் என்றால், இறங்கும்போது எடை கால்விரல்கள் பக்கம் போய்க் கைகள் உடம்பைவிட்டு விலகுகின்றன. பந்துக்கு அந்தப்புறம் இரண்டு விரல் தள்ளி ஒரு டீயை (பந்தை ஏற்றி வைக்கும் சிறு குச்சி) குத்துங்கள். டீயைத் தொடாமல் பந்தை மட்டும் அடிக்கப் பழகினால் போதும்.

பதில் 2:
ஃபேட்: கிளப் முதலில் தரையைத் தொட்டு, பிறகு பந்துக்கு வருகிறது. அதுவே முற்றினால் சங்க். புல்கட்டி பறக்கும், பந்து நாலடி உருளும். தின்: கிளப்பின் கீழ்விளிம்பு பந்தின் நடுவில் படுவது. தாழப் பறக்கும், கை விண்ணென்று தெறிக்கும். குழி இருக்கும் கிரீன் பக்கத்தில் வெட்ஜால் (கிட்டத்து அடிக்கான கிளப்) இப்படி அடித்தால் ஸ்கல். பந்து கிரீனைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நிற்கும். நடுவுக்கு மேலே பட்டு உருண்டால் டாப்.

பந்தின் விட்டம் 42.67 மி.மீ. நடுக்கோடு தரையிலிருந்து 2 செ.மீ. சொச்சம்தான். அதனால்தான் ஒரே ஆள் ஒரு பந்தை ஃபேட்டாகவும் அடுத்ததை டாப்பாகவும் அடிக்கிறார். கோளாறு பெரும்பாலும் ஒன்றே: வீச்சின் அடிப்புள்ளி பந்துக்குப் பின்னால் விழுகிறது. புல்லில் ஒரு கோடு போட்டு, பந்தில்லாமல் வீசுங்கள். புல் பெயர்வது கோட்டிலோ, இலக்குப் பக்கமோ தொடங்க வேண்டும். கோட்டுக்குப் பின்னாலேயே பெயர்ந்தால், எடை பின்காலிலேயே தங்கிவிட்டது.

கேள்வி கேட்டவர்:
அப்படியானால் டாப் அடித்ததும் "தலையைத் தூக்கிட்டே" என்கிறார்களே?

பதில் 2:
பாதி நேரம் அது விளைவு, காரணமில்லை. உடம்பு நிமிர்ந்தால் தலையும் கூடவே எழும்பும். தலையை மட்டும் அழுத்திப் பிடித்தால் எடை முன்காலுக்கு வராமல் ஃபேட்தான் மிஞ்சும்.

பதில் 3:
விட்டுப்போன இரண்டு. ஸ்கை: டிரைவரின் (தூர அடிக்கான கிளப்) மேல்விளிம்பில் பட்டுப் பந்து செங்குத்தாக எழும்புவது. கிளப் தலையில் கீறல் விழும். டீயில் பந்து பாதிதான் டிரைவருக்கு மேலே தெரியணும். விஃப்: பந்தே படாத வீச்சு. அடிக்கும் எண்ணத்தோடு வீசியிருந்தால் அதுவும் ஒரு ஸ்ட்ரோக், அதாவது ஓர் அடியாகக் கணக்கு; "பிராக்டிஸ் ஸ்விங்" என்று சமாளிக்க முடியாது.