மறுமொழி: ‘வாழ்திறன்’ வேண்டாம், ‘நீடுதகவு’ எப்படி?

அன்பின் ஐயா,

ஓர் உயிரினக் கூட்டம் அழியாமல் நீடிக்குமா என்று கணக்கிடும் ‘population viability analysis’க்கு நமது கலைச்சொல் பட்டியலில் என்ன தமிழ் வைப்பது என்பதற்கு நீங்கள் எழுதியது:

> ‘இனத்தொகை வாழ்திறன் பகுப்பாய்வு’ என்றே வைப்போமே. எல்லாருக்கும் விளங்கும்.

விளங்கும்தான். என்னவென்று விளங்கும் என்பதில்தான் எனக்கு இடறுகிறது.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் விதைநெல் சோதிப்பதைப் பார்த்திருப்பீர்கள். நூறு நெல்லை எண்ணி ஈரச்சாக்கில் சுற்றி வைத்து, மூன்றாம் நாள் பிரித்து முளையை எண்ணுவார்கள். அது நெல்லுக்குள் இருக்கிற திறன். அதை வாழ்திறன் என்றால் நான் வாய் திறக்கமாட்டேன்.

எலிக்கூட்டத்தின் கதை வேறு. 2011 ஜனவரி வெள்ளத்தில் எங்கட வட்டை, அதாவது வயல்வெளி, முழுக்கத் தண்ணீர். வரம்பில் ஒரு மேட்டில் மட்டும் எலிகள் ஒன்றின்மேல் ஒன்றாய் ஒண்டிக் கிடந்தன. இரண்டு போகம் கழிய, பழையபடி வரம்பெல்லாம் வளை! வயல் எலி ஈற்றுக்கு ஐந்தாறு போடும், தப்பிவிட்டது. நாற்பது உருப்படி மட்டுமே மிஞ்சிய ஓர் இனத்துக்கு அந்த வெள்ளம் வந்திருந்தால்? அந்த நாற்பதும் கொழுத்த, நோயற்ற எலிகளாக இருக்கலாம், திறனில் குறையில்லை. ஆனாலும் ஒரு வெள்ளம், ஒரு தொற்று, அந்த வருடத்துக் குட்டியெல்லாம் ஆணாய்ப் பிறப்பது, இதில் ஒன்று போதும்.

1981இல் சூழலியலாளர் மார்க் ஷாஃபர் கேட்டதும் திறனை அல்ல. தனித்துப்போன ஒரு குடித்தொகை 1000 ஆண்டுகள் அழியாதிருக்க 99 சதவீத வாய்ப்பு வேண்டுமென்றால் ஆகக் குறைந்தது எத்தனை உயிர் தேவை என்றார். பிறப்பு இறப்பின் தற்செயல், சூழலின் ஏற்ற இறக்கம், பேரிடர், மரபணுத் தேய்வு நான்கையும் போட்டுப் பார்க்கிற கணக்கு. முழுக்க வாய்ப்பும் காலமும். வாய்ப்புக்கு, பள்ளியில் படித்த ‘நிகழ்தகவு’விலிருந்து ‘தகவு’. காலத்துக்கு ‘நீடு’. நீடுதகவு, அதுவும் வினைத்தொகை, ஒற்று மிகாது.

இனத்தொகை என்றால் எத்தனை இனம் என்று படித்துவிடுவார்கள். நமது பாடநூலின் ‘குடித்தொகை’யே போதும். ஷாஃபர் கேட்ட அந்த ஆகக் குறைந்த எண்ணிக்கைக்கும் ஒரு பெயர் வேண்டும். ஆனால் அதே பாடநூல் ஆகக் குறைந்த பெறுமானத்தை ‘இழிவு’ என்கிறது. ‘இழிவுக் குடித்தொகை’ என்று எழுதிவிட்டு ஊருக்குள் நடமாட ஏலாது! ‘சிற்றெல்லைக் குடித்தொகை’ என்போம். ‘conservation’ஐப் ‘பாதுகாப்பு’ என்றாலோ இங்கே முதலில் நினைவுக்கு வருவது சோதனைச்சாவடி. எனக்குப் ‘பேணல்’தான்.

வசனத்தில் வைத்துப் பாருங்கள்: “ஒகியா எலியின் குடித்தொகை நீடுதகவை மதிப்பிட்டால்தான் அதன் பேணல் தேவைகள் தெரியும்.” 1929இல் விலங்கியலாளர் பிலிப்ஸ் அறிவியலுக்கு முதன்முதலாக விவரித்த எலி. இலங்கை மலைக்காட்டுக்கே உரியது, தன் பேரினத்தில் ஒற்றைப் பிள்ளை.

---

தம்பி,

நெல்லுக் கதையில் மடக்கிவிட்டீர். நீடுதகவு எனக்குச் சம்மதம், ‘பேணல்’ பற்றி மறுகா சண்டை பிடிப்போம். ஒன்று மட்டும்: 50 ஆண்டுக்குப் பார்த்தால் ஒரு விடை, 100 ஆண்டுக்குப் பார்த்தால் வேறு விடை. ஆண்டைச் சொல்லாமல் வெறும் நீடுதகவு என்று எழுதினால் வட்டி வீதம் சொல்லாத கடன் மாதிரி. ‘நூறாண்டு நீடுதகவு’ என்று எண்ணையும் ஒட்டியே பட்டியலில் ஏற்றும்.