வருவதும் போவதும் ஒரே வேரிலா? லத்தீன் 'பிளிகாரே'

கேள்வி (பாம்பன்):
ராமேஸ்வரம் வரும் பயணிகளுக்கு வழிகாட்ட ஸ்பானியமும் ருமேனியமும் படிக்கிறோம். ஸ்பானிய 'யெகார்' வந்து சேர்வது. ருமேனிய 'ப்ளெகா' கிளம்புவது. இரண்டுக்கும் லத்தீன் 'பிளிகாரே'தான் மூலம் என்கிறது அகராதி. அதன் பொருளோ 'மடி'. எப்படி?

தொண்டி:
நம்ம 'பாய்' போதும் இதை விளக்க. வள்ளத்தில் பாயைச் சுருட்டினால் கரை வந்தாச்சு. வீட்டில் பாயைச் சுருட்டினால் கிளம்பியாச்சு. மாலுமி பாயை மடித்தது ஸ்பானியத்தில் வருகையானது, படைவீரன் கூடாரத்தை மடித்தது ருமேனியத்தில் புறப்பாடானது என்பதே பலரும் சொல்லும் விளக்கம். முதலெழுத்து குழப்பினால் மழையை வைத்துப் பாருங்கள்: லத்தீன் 'ப்ளுவியா', ஸ்பானியத்தில் 'யூவியா', போர்த்துகீசியத்தில் 'ஷூவா'. அதே கணக்கில்தான் 'யெகார்', 'ஷெகார்'. ருமேனியம் 'ப்ள்' ஒலியை அப்படியே வைத்துக்கொண்டது. இத்தாலிய 'பியெகாரே', பிரெஞ்சு 'ப்ளியே' இன்னும் மடிப்பதுதான்.

கீழக்கரை:
தொண்டி அண்ணே, கூடாரம் சரி. பாய்மர விளக்கத்தில் எனக்கு ஐயம். கப்பலைக் கரையணைக்க லத்தீனில் 'அப்ளிகாரே' என்ற வினை முன்பே உண்டு. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் புனிதத் தலங்களுக்குப் போன எகேரியாவின் பயணக் குறிப்பில் 'பிளிகாரே' என்பதே 'நெருங்கு' என்று வருகிறது, அதுவும் தரைவழியில். ஆகவே 'அணை, நெருங்கு, வந்து சேர்' என்று வளர்ந்ததாகவே நான் கொள்வேன்.

பேச்சில் இடறும் இடம் வேறு. ஸ்பானியத்தில் 'யெகே ஆ மாட்ரிட்' என்றால் மாட்ரிட் வந்து சேர்ந்தேன். ருமேனியத்தில் 'அம் ப்ளெகாட் லா புக்குரெஷ்ட்' என்றால் புக்கரெஸ்டுக்குக் கிளம்பிவிட்டேன். வந்து சேர்ந்தவர் அல்ல! எழுதும்போது 'யெகே'யில் ஜி எழுத்துக்குப் பின் யு கட்டாயம். விட்டால் 'யெஹே' என்று படிப்பார்கள்.

மண்டபம்:
திட்டமிட்டு உருவாக்கிய செயற்கை மொழிகளில் இந்தக் குழப்பமே இல்லை. 1951இல் அகராதி வெளிவந்த இன்டர்லிங்குவாவில் 'பிளிகார்' மடிப்பது மட்டுமே. தான் சொல் எடுக்கும் மூல மொழிகளில் மூன்றிலாவது இருக்கும் சொல்லைத்தான் அது எடுக்கும். ஸ்பானியமும் போர்த்துகீசியமும் சேர்ந்து ஒன்றாகவே எண்ணப்படும். 'யெகார், ஷெகார்' இரண்டுக்கும் கிடைத்தது ஒரே வாக்கு. வந்து சேர்வதற்கு, பிரெஞ்சு, இத்தாலியம், ஆங்கிலம் மூன்றிலும் உள்ள 'அர்ரிவார்' வென்றது. இடோ என்ற இன்னொரு செயற்கை மொழியில் 'அரிவார்'. அதன் வேர் லத்தீன் 'ரிபா', அதாவது கரை. நம்ம 'கரை சேர்' அப்படியே. எஸ்பெராண்டோ மட்டும் 'அல்' (நோக்கி), 'வெனி' (வா) இரண்டையும் ஒட்டி 'அல்வெனி' என்கிறது, மடிக்க 'ஃபால்டி'.