நோட்டில் பெயர் எழுதினால் திருட்டு குறையுமா?

வைகைக்கரை:
முகவைத் தொண்டன் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அவர் சொன்னது இது: "போலீஸுக்கு உதவுகிற தன்னார்வலர் அமைப்பான ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸில் இருந்தபோது, தடம் மாறுகிற பையன்கள் பெயரை ஒரு நோட்டில் எழுதி ஸ்டேஷனில் கொடுப்போம். முளையிலேயே சரிசெய்துவிடலாம். இன்றைக்கு அதற்கு ஆளில்லை." தப்பே செய்யாத 15 வயதுப் பையன் பெயரை ஸ்டேஷன் நோட்டில் ஏற்ற உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

முகவைத் தொண்டன்:
தம்பி, ராமநாதபுரத்தில் எஸ்.பி.யாக இருந்த பிரதீப் பிலிப் 1993இல் தொடங்கிய இயக்கம் அது. மறுவருஷமே சேர்ந்தவன் நான். டீக்காசுகூட வாங்கியதில்லை. வீட்டில் கோபித்துக்கொண்டு ஓடிவந்த பிள்ளைகளை ராத்திரி 11 மணிக்கு பஸ் ஸ்டாண்டில் கண்டுபிடித்து, இட்லி வாங்கிக் கொடுத்து, அப்பன் ஆத்தா வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். அதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு நோட்டைப் பிடித்துத் தொங்குகிறீர்கள்.

வைகைக்கரை:
இட்லி வாங்கிக் கொடுத்தது நல்ல காரியம், மறுக்கவில்லை. நான் கேட்டது நோட்டைப் பற்றி.

அந்த மாதிரி நோட்டு ஒன்றை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பழுப்பு அட்டை, 80 பக்கம். பையன் பெயர், அப்பா பெயர், தெரு. எங்கள் பக்கம் தெருவை எழுதினால் சாதியையும் எழுதிய மாதிரிதான், தனியாகக் கேட்கவே வேண்டாம். அதில் என் தம்பி பெயர் இருந்தது. அவன் செய்த குற்றம், கண்மாய் மதகில் இரண்டு பெரிய பையன்களோடு உட்கார்ந்திருந்தது. அவர்கள் மோட்டார் வயர் திருட்டில் மாட்டியவர்கள். அப்புறம் 3 வருஷம், எந்தத் தோட்டத்தில் வயர் காணாமல் போனாலும் எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டினார்கள். ஐடிஐ பரீட்சை அன்றைக்குக் காலையில் அவன் ஸ்டேஷன் திண்ணையில் உட்கார்ந்திருந்தான். ஹால் டிக்கெட் சட்டைப் பையில் இருந்தது.

கரிமூட்டம்:
வயர் போனவனுக்குத்தான் வலி தெரியும். எனக்கு இரண்டு தடவை போயிருக்கிறது, மிளகாய்ச் செடி காய்கிற நேரத்தில். அண்ணன் மாதிரி நாலு பேர் ராத்திரி சுற்றிவந்த காலத்தில் நிம்மதியாகத் தூங்கினோம். பெயர் எழுதினால் என்ன குடிமுழுகிவிடும்? தப்பு செய்யாதவன் ஏன் பயப்பட வேண்டும்?

கணக்கு டீச்சர்:
முன்கூட்டியே தலையிடுவது என்று எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் பேசிக்கொள்ளலாமா? என் வகுப்பில் ஒரு பையன் தொடர்ந்து 10 நாள் வரவில்லை என்றால் எனக்கு அன்றைக்கே தெரியும். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் பாதிப் பேர் விறகை எரித்துக் கரியாக்குகிற கரிமூட்டத்தில் வேலைக்குப் போயிருப்பார்கள். அங்கேதான் ஆரம்பிக்க வேண்டும்.

கரிமூட்டம்:
டீச்சர், என் பெயரை எதற்கு இழுக்கிறீர்கள்? நான் எந்தப் பிள்ளையையும் வேலைக்கு வைத்ததில்லை.

கணக்கு டீச்சர்:
உங்களைச் சொல்லவில்லை ஐயா. நான் சொன்னது தொழிலை.

சட்டப்புள்ளி:
சட்டத்தையே சொல்லிவிடுகிறேன். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி ஒவ்வொரு ஸ்டேஷனிலும் உதவி சப்-இன்ஸ்பெக்டர் (ஏஎஸ்ஐ) அந்தஸ்துக்குக் குறையாத ஒருவர் சிறார் நல அலுவலராக இருக்க வேண்டும். மாவட்ட அளவிலான சிறப்புச் சிறார் காவல் பிரிவில் 2 சமூகப் பணியாளர்கள், அதில் ஒருவர் பெண். 2016 விதிகளின்படி, கொடுங்குற்றம் இல்லை, பெரியவர்களோடு சேர்ந்து செய்ததும் இல்லை என்றால் சிறுவன் மேல் எஃப்ஐஆரே போடக்கூடாது, ஸ்டேஷனின் பொது நாட்குறிப்பில் எழுதினால் போதும். குற்றம் செய்த பையனுக்கே இவ்வளவு பாதுகாப்பு. மதகில் உட்கார்ந்தவனுக்கு நோட்டா? ரவுடிப் பட்டியல் பற்றிய டெல்லி வழக்கில், சிறார்களின் அடையாளம் அதில் வெளிப்படக்கூடாது என்று 2024இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

முகவைத் தொண்டன்:
1994இல் 2015ஆம் வருஷச் சட்டத்தை நான் எங்கே போய்ப் படிப்பது? வக்கீல் சார் அந்தக் காலத்தில் ஒரு ராத்திரியாவது ரோந்து வந்திருக்கிறாரா? நான் எழுதினேன் என்றால் அக்கறையில் எழுதினேன். ஒரு பையனைக்கூட அடிக்கச் சொன்னதில்லை.

வைகைக்கரை:
அக்கறையில் எழுதியது யார் கைக்குப் போனது? அதுதான் கேள்வி. சாத்தான்குளத்தில் போலீஸ் பிடித்துப்போன தந்தையும் மகனும் செத்தபோது உங்கள் அமைப்பின் பெயரும் அடிபட்டது, 2020 ஜூலையில் அரசே தடை போட்டது.

முகவைத் தொண்டன்:
அந்தச் சம்பவத்துக்கும் எங்கள் அமைப்புக்கும் தொடர்பில்லை என்று தொடங்கியவரே அப்போது மறுத்தார். 26 வருஷ உழைப்பை ஒரே வாரத்தில் குப்பையில் போட்டார்கள். என் அடையாள அட்டையை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறேன்.

வைகைக்கரை:
அட்டை பீரோவில் இருக்கட்டும். நோட்டு எங்கே?

இதே பூமியில்தான் ரேகைச் சட்டம், அதாவது வெள்ளைக்காரன் போட்ட குற்றப்பரம்பரைச் சட்டம் இருந்தது. பிறந்த சாதியை வைத்துக் கைரேகை வாங்கினார்கள், ராத்திரியானால் ஸ்டேஷனில் போய்ப் படுக்க வைத்தார்கள். அதை எதிர்த்துத்தான் 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் குண்டடிபட்டுச் செத்தார்கள். 1947இல்தான் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது. அன்றைக்கும் அதிகாரி சொன்ன காரணம் திருட்டைத் தடுப்பதுதான். நம் தாத்தாக்கள் பட்ட அவமானத்தை நாமே நம் பிள்ளைகளுக்கு நோட்டுப் போட்டு எழுதிக் கொடுக்கலாமா?

கரிமூட்டம்:
பெருங்காமநல்லூர் மதுரை மாவட்டம். முகவையைப் பற்றி, அதாவது ராமநாதபுரத்தைப் பற்றிப் பேசும்போது முகவையைப் பேசுங்கள்.

வைகைக்கரை:
ரேகைச் சட்டம் முதுகுளத்தூர்ப் பக்கமும்தான் இருந்தது. பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

கரிமூட்டம்:
நீங்கள் எழுதிய ஊர் மதுரை மாவட்டம். அதை முதலில் ஒத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு டீச்சர்:
பள்ளிக்கு வராத பையனைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லையே. குழந்தைகள் உதவி எண் 1098க்கு நானே போன் செய்திருக்கிறேன், ஆட்கள் வந்து ஒரு பையனை மறுபடி வகுப்பில் உட்கார வைத்தார்கள். யார் நோட்டிலும் அவன் பெயர் இல்லை.

முகவைத் தொண்டன்:
டீச்சர், உங்கள் வருகைப் பதிவேடும் நோட்டுதானே? நீங்கள் எழுதினால் கடமை, நான் எழுதினால் குற்றமா?

வைகைக்கரை:
பதிவேட்டில் பெயர் இருந்தால் டீச்சர் வீட்டுக்கு வருவார். உங்கள் நோட்டில் இருந்ததால் என் வீட்டுக்கு ஜீப் வந்தது. அண்ணே, மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன். நீங்கள் எழுதிய நோட்டு இப்போது யாரிடம் இருக்கிறது? அதிலிருந்து பெயர்களை யாராவது அடித்தார்களா?

முகவைத் தொண்டன்:
நான் வைத்திருக்கிறேன் என்று எங்கேயும் எழுதவில்லை. கொடுத்தோம் என்றுதான் எழுதினேன். உங்கள் தம்பி ஊர் வேறு, ஸ்டேஷன் வேறு. அதற்கு நான் பதில் சொல்ல முடியாது.

வைகைக்கரை:
என் தம்பி பெயரை நீங்கள் எழுதினீர்கள் என்று நானும் சொல்லவில்லை. உங்கள் நோட்டில் இருந்த பையன்கள் யார் வீட்டுத் தம்பிகள்?

கரிமூட்டம்:
பெருங்காமநல்லூர் எந்த மாவட்டம் என்று இன்னும் பதில் வரவில்லை.