எஞ்சின் போனா "ஓட்டுநர் தவறு"ன்னு எழுதிட்டா வாரண்டி முடிஞ்சுதா?

கேட்டவர்: கோரையாறு டீச்சர்

எனக்கு ஊர் திருத்துறைப்பூண்டி. மன்னார்குடி பக்கம் ஒரு பள்ளியில வேலை. கோட்டூர் வழியா நானே கார் ஓட்டிக்கிட்டுப் போய் வர்றேன். பெட்ரோல் டர்போ வண்டி, 31,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. வாரண்டி 3 வருஷம் அல்லது 1 லட்சம் கிலோமீட்டர். ரெண்டுமே இன்னும் தாண்டல. ஒரு சர்வீஸ்கூட வெளியில விட்டதில்ல.

பங்குனியில நம்ம ரோடு எப்படி இருக்கும்னு டெல்டாக்காரங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. சம்பா அறுப்புக்கு முன்னாடி தெளிச்ச உளுந்தும் பயறும் அறுவடைக்கு வந்துரும். களம் இல்லாதவங்க செடியை ரோட்டுலயே பரப்பிடுவாங்க. ஒரு பக்கம் வாய்க்கால், ஒரு பக்கம் வயல், ஒதுங்க இடம் கிடையாது, எல்லா வண்டியும் அதுமேல ஏறித்தான் போகணும். அப்படி ஒரு சாயங்காலம் வர்றப்ப சிவப்பு டெம்பரேச்சர் விளக்கு எரிஞ்சுது. உடனே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்திட்டேன். பானட்டுக்கு அடியிலேர்ந்து ஆவி. அதுக்கப்புறம் ஸ்டார்ட் பண்ணவே இல்ல, டோ வண்டியிலதான் சர்வீஸ் சென்டருக்குப் போச்சு.

அவங்க சொன்னது இது. ஹெட் (எஞ்சினோட மேல்பாகம்) வளைஞ்சிருக்கு, அதுக்கு அடியில கசியாம அடைக்கற கேஸ்கெட் போயிருச்சு. ரேடியேட்டருக்கும் ஏசி கண்டன்சருக்கும் நடுவுல உளுந்துச் செத்தை அடைச்சிருக்கு. விளக்கு எரிஞ்ச பிறகும் வண்டி ஓடியிருக்கு. அதனால வாரண்டி கிடையாது, 1,40,000 ரூபாய் ஆகும். காரணம்ங்கற கட்டத்துல "ஓட்டுநர் தவறு"ன்னு ரெண்டே வார்த்தை.

அங்க முதல்ல கேட்ட கேள்வியே "யார் ஓட்டினது மேடம், நீங்களா?" ஆமான்னு சொன்னதும் பேனா அந்தக் கட்டத்துக்குப் போயிருச்சு. மிச்ச விளக்கம் எல்லாம் என் வீட்டுக்காரர்கிட்டதான் சொன்னாங்க. வண்டி என் பேர்ல இருக்கு, ஓட்டினது நான், விளக்கைப் பார்த்ததும் நான்.

ஓட்டறவங்க தப்பால எஞ்சின் போனா அதையும் வாரண்டி ஏத்துக்கணுமா? ஏத்துக்க வேண்டாம்னே வச்சுக்குவோம். அது தப்புன்னு யார் முடிவு பண்றது, எதை வச்சு?

---

மன்னை மெக்கானிக்:

டீச்சர், வணக்கம். கம்பெனி சர்வீஸ் சென்டர்ல வேலை பார்த்துட்டு இப்ப சொந்தமா பட்டறை வச்சிருக்கேன். மனசுல பட்டதைச் சொல்றேன், வருத்தப்படாதீங்க.

ஓட்டறவங்க தப்பை வாரண்டி ஏத்துக்கக் கூடாது. தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கத்துலேர்ந்து வர்ற வண்டியில ரேடியேட்டரைத் திறந்தா துரு கலர்ல தண்ணி வரும். உப்பு போர் தண்ணியையே ஊத்தி ஓட்டியிருப்பாங்க, அலுமினியத்தை அது அரிச்சுப் போட்டிருக்கும். சிவப்பு விளக்கு எரியறதைப் பார்த்துக்கிட்டே "ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம்"னு ஓட்டிட்டு வந்தவங்க இருக்காங்க. வேகத்துல போறப்ப அஞ்சாவது கியர்லேர்ந்து நாலுக்குப் பதிலா ரெண்டுல போட்டா எஞ்சின் தாங்காத சுத்து சுத்தும். பெட்ரோலை நிறுத்தி வேகத்தைக் கட்டுப்படுத்தற லிமிட்டர் அங்க உதவாது, ஏன்னா அப்ப எஞ்சினைச் சுத்தறது சக்கரம். வால்வும் பிஸ்டனும் மோதிக்கும். இதுக்கெல்லாம் கம்பெனி காசு கொடுத்தா, அடுத்து வண்டி வாங்கறவர் விலையிலதான் அது ஏறும். ஒழுங்கா ஓட்டறவர் எதுக்குக் கொடுக்கணும்?

ஆனா உங்க விஷயத்துல ஒண்ணு இடிக்குது. கூலன்ட் (எஞ்சினைக் குளிர வைக்கற திரவம்) முழுசா இருந்து, செத்தை மட்டும் அடைச்சு, விளக்கு எரிஞ்ச உடனே நிறுத்தியிருந்தா ஹெட் வளையற அளவுக்குப் போறது அபூர்வம். வண்டி உள்ள வந்தப்ப கூலன்ட் எவ்வளவு இருந்துச்சுன்னு எழுதியிருக்காங்களா? பழைய சர்வீஸ் பில்லையும் எடுத்துப் பாருங்க.

---

பாமணி டாக்சி:

மெக்கானிக் அண்ணன் சொல்றதுல எனக்குப் பாதிதான் சம்மதம். எங்ககிட்ட வாடகை வண்டி ஓடுது, ஆக்டிங் டிரைவர் வச்சுத்தான் ஓட்டறோம், அதனால இந்தச் சண்டை எனக்குப் பழக்கம்.

பழைய வண்டியில டெம்பரேச்சருக்கு முள் இருக்கும். பாதியைத் தாண்டி ஏறுதுன்னா ஏசியை அணைச்சு, ஓரங்கட்டி, என்னன்னு பார்ப்போம். இப்ப நிறைய வண்டியில முள்ளையே எடுத்துட்டாங்க. எஞ்சின் குளிர்ந்திருந்தா நீல விளக்கு, கொதிச்சா சிவப்பு விளக்கு, நடுவுல ஒண்ணும் கிடையாது. கூலன்ட் குறைஞ்சா சொல்ற சென்சாரும் பல வண்டியில இல்ல. சூடு ஏறிக்கிட்டிருக்குன்னு ஓட்டறவருக்குத் தெரியற வழியை எடுத்துட்டு, ஏன் பார்க்கலன்னு கேக்கறது எந்த ஊர் நியாயம்?

உளுந்துச் செடியை ரோட்டுல போடறவங்களையும் கேக்கணும். அச்சுல சுத்திக்கிட்டு சைலன்சர் சூட்டுல தீப்பிடிக்கிற ஆபத்தும் இருக்கு.

---

கோரையாறு டீச்சர்:

பாமணி அண்ணே, ரோட்டுல போடறது ஆபத்துதான். ஆனா போடறவங்க என்கிட்டப் படிக்கிற பிள்ளைங்களோட அப்பா அம்மா. ஊருக்கு ஒரு சிமெண்ட் களம் ஒழுங்கா இருந்தா யாரும் ரோட்டுக்கு வர மாட்டாங்க. அந்தப் பேச்சை இதோட சேர்க்க வேண்டாம்.

மெக்கானிக் தம்பி, நீங்க சொன்ன மாதிரி ஜாப் கார்டு (வண்டியை சர்வீஸுக்கு விடறப்ப எழுதற தாள்), பில் எல்லாத்தையும் எடுத்தேன். கடைசி சர்வீஸ்ல "கூலன்ட் டாப்-அப்"னு இருக்கு, காசும் போட்டிருக்காங்க. அதுக்கு முந்தின சர்வீஸ் பில்லுலயும் அதே வரி. கடைசி ஜாப் கார்டுல வாடிக்கையாளர் புகார்ங்கற இடத்துல, நான் சொன்னபடியே "எஞ்சின் பக்கம் இனிப்பு வாடை"ன்னு எழுதியிருக்கு. அதுக்கு என்ன பண்ணாங்கன்னு எதிர்க்கட்டம் காலியா இருக்கு. இப்ப வண்டி வந்தப்ப கூலன்ட் அளவு என்னன்னு எங்கயும் எழுதல.

---

மன்னை மெக்கானிக்:

டீச்சர், அப்ப விஷயமே வேற.

கூலிங் சிஸ்டம்ங்கறது மூடின சுற்று. நல்லா இருக்கற வண்டியில ஒரு சர்வீஸுக்கும் அடுத்த சர்வீஸுக்கும் நடுவுல ஊத்தற அளவுக்குக் கூலன்ட் குறையக் கூடாது. ரெண்டு தடவை ஊத்தியிருந்தா எங்கயோ கசியுது. ஹோஸைப் பிடிச்சிருக்கற கிளாம்பா இருக்கலாம், வாட்டர் பம்ப் சீலா இருக்கலாம். இனிப்பு வாடை அடிக்கறது கூலன்ட்ல இருக்கற கிளைக்கால். அதைக் கேட்டதுமே கைப்பம்பு வச்சு பிரஷர் டெஸ்ட் பண்ணியிருக்கணும். பெரிய வேலையே இல்ல, காத்தடிச்சு வச்சா முள் இறங்குதான்னு தெரிஞ்சுரும்.

விளக்கு ஏன் பிந்தி எரிஞ்சிருக்கும்னும் சொல்றேன். டெம்பரேச்சர் சென்சார் கூலன்ட்ல முங்கியிருந்தாத்தான் சூட்டைச் சரியாச் சொல்லும். கூலன்ட் இறங்கி, சென்சார் இருக்கற இடத்துல காத்தோ ஆவியோ வந்துட்டா அளவு தப்பும். ஹெட்ல ஒரு இடம் கொதிச்சிருக்கும், சென்சார் சும்மா இருக்கும். நீங்க விளக்கைப் பார்த்த நொடியில நிறுத்தியிருந்தாலும் ஹெட் வளைஞ்சிருக்கலாம். வளைவுன்னா கண்ணுக்குத் தெரியாது, பல எஞ்சின்ல 0.05 மில்லிமீட்டர்தான் எல்லை, ஸ்ட்ரெய்ட் எட்ஜ்ங்கற நேர்ச்சட்டத்தை மேல வச்சு, அடியில ஃபீலர் கேஜ்ங்கற மெல்லிய அளவுத்தகட்டை விட்டுப் பார்க்கணும்.

இன்னொண்ணு, ஈசியூ, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தற கம்ப்யூட்டர்ல இருக்கற பதிவைக் கேளுங்க. எஞ்சின் அதிகமாச் சூடேறினதுக்கு பி0217னு ஒரு கோடு உண்டு. கோளாறு பதிவாகற நொடியில எஞ்சின் சூடு, சுத்து வேகம், வண்டி வேகம் எல்லாம் ஃப்ரீஸ் ஃப்ரேம்னு சேமிச்சு வைக்கும். செக் எஞ்சின் விளக்கு எரிஞ்ச பிறகு வண்டி எவ்வளவு தூரம் ஓடுச்சுன்னும் ஸ்கேனர்ல பார்க்கலாம். விளக்குக்கு அப்புறமும் நீங்க ஓட்டினீங்கன்னா அது அவங்க கையில இருக்கணும், அதைக் காட்டட்டும். நான் வேலை பார்த்தப்ப அந்த ஸ்கேனர் அறிக்கையை வாடிக்கையாளருக்குக் கொடுத்து நான் பார்த்ததில்ல.

---

வெட்டாறு (நாகப்பட்டினம்):

நுகர்வோர் வழக்குகள்ல குமாஸ்தா வேலை பார்த்தவன். எங்க வீட்டு வண்டியும் ஒரு ஐப்பசி மழையில தேங்கின தண்ணியில அணைஞ்சு போச்சு. என் மச்சான் மறுபடி ஸ்டார்ட் பண்ணிட்டார். சிலிண்டருக்குள்ள போன தண்ணி அமுங்காது, பிஸ்டனோட சேர்ந்த கனெக்டிங் ராடு வளைஞ்சுது. வாரண்டி இல்லன்னாங்க, அது சரிதான். எஞ்சின் புரொடெக்ட்ங்கற ஆட்-ஆன் (பாலிசியோட கூடுதலா எடுக்கற பாதுகாப்பு) போட்டிருந்ததால இன்சூரன்ஸ் கொடுத்துச்சு. டீச்சர் விஷயத்துல அந்தக் கதவும் இல்ல. எந்திரக் கோளாறை சாதாரண கார் பாலிசி ஏத்துக்காது, ஆட்-ஆன் இருந்தாலும் பெரும்பாலும் தண்ணி புகுந்ததுக்கும் ஆயில் கசிவுக்கும்தான். அதனாலதான் வாரண்டி மறுப்பு இவ்வளவு கனமா விழுது.

டீச்சர் செய்ய வேண்டியது. முதல்ல மறுப்பை எழுத்துல, வாரண்டிப் புத்தகத்துல எந்த ஷரத்துப்படின்னு கேளுங்க. கம்பெனிக்கும் டீலருக்கும் ரெண்டு பேருக்குமே அனுப்புங்க. 1915 நுகர்வோர் உதவி எண்ல பதிவு பண்ணுங்க, சில கம்பெனி அதுலயே இறங்கி வந்துரும். வரலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்க குடியிருக்கற மாவட்டத்துலயே போடலாம், கம்பெனி இருக்கற ஊருக்கு அலைய வேண்டியதில்ல, உங்களுக்குத் திருவாரூர். காரணம் எழுந்த நாள்லேர்ந்து 2 வருஷத்துக்குள்ள போடணும். கட்டணம் நீங்க கொடுத்த விலையை வச்சு: 5 லட்சம் வரைக்கும் இல்ல, 10 லட்சம் வரைக்கும் 200 ரூபாய், 20 லட்சம் வரைக்கும் 400. வக்கீல் கட்டாயமில்ல.

ஒரு எச்சரிக்கை. விலக்கு ஷரத்தைக் காட்டி மறுக்கறவங்கதான் அது பொருந்தும்னு நிரூபிக்கணும்னு இன்சூரன்ஸ் வழக்குகள்ல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. வாரண்டிக்கும் அந்த வாதத்தை வைக்கலாம். ஆனா வண்டியில உற்பத்திக் குறைன்னு நீங்க சொன்னா, அதுக்கு நிபுணர் அறிக்கை கேப்பாங்க. அது இல்லாமத் தோத்தவங்க நிறைய. அதைவிட சர்வீஸ் குறைபாடுன்னு போங்க. இனிப்பு வாடைன்னு எழுதி வாங்கிட்டு சோதனை பண்ணாம விட்டது அவங்க கைப்பட இருக்கு.

---

கோரையாறு டீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. பிரஷர் டெஸ்ட் பண்ணாங்களா, ஸ்கேனர் அறிக்கை எங்க, எந்த ஷரத்துன்னு மூணையும் கேட்டு இன்னிக்கே மெயில் அனுப்பறேன்.

நான் கேட்ட கேள்விக்கு எனக்கு இப்ப ஒரு பதில் இருக்கு. போர் தண்ணி ஊத்தினவரோட எஞ்சினுக்கு என் காசு போக வேண்டாம், அதுல மெக்கானிக் தம்பி பக்கம்தான் நானும். ஆனா "ஓட்டுநர் தவறு"ன்னு எழுதறவங்க, எந்தத் தவறு, எந்த நேரத்துல, எந்தப் பதிவுல இருக்குன்னு அதே தாள்ல எழுதணும். எழுத முடியலன்னா வாரண்டி தரணும். வண்டிக்குள்ள இருக்கற பதிவு அவங்க ஸ்கேனருக்குத் திறக்கும், எனக்குத் திறக்காது. தெரிஞ்சுக்க வழி உள்ளவங்க வாயை மூடிக்கிட்டு, வழியில்லாதவங்ககிட்ட நிரூபின்னு சொல்றதை நான் ஒத்துக்க மாட்டேன். நான் ஒரு பையனுக்கு மார்க் குறைச்சா எந்தக் கேள்வியில குறைச்சேன்னு விடைத்தாளைக் காட்டறேன். 1,40,000 ரூபாய் கேக்கறவங்க அதையாவது செய்யணும்.

---

மன்னை மெக்கானிக்:

டீச்சர், மெயில்ல இன்னொரு வரியும் சேருங்க. கழட்டின ஹெட், கேஸ்கெட், ஹோஸ், கிளாம்பு எதையும் ஸ்கிராப்ல போடக் கூடாதுன்னு எழுதுங்க. ஹெட்டை லேத்துக்கு அனுப்பி ஃபேஸிங் பண்ணவும் (சீவிச் சமப்படுத்தவும்) இப்ப சம்மதிக்காதீங்க, பண்ணிட்டா வளைவை யாராலயும் அளக்க முடியாது. ஹோஸ் முனையிலயும் கிளாம்பைச் சுத்தியும் கூலன்ட் காஞ்ச கறை, வெள்ளையாவோ கூலன்ட் கலர்லயோ, இருக்கான்னு பார்த்துக் கிட்டத்துலேர்ந்து ஃபோட்டோ எடுங்க. பழைய கசிவா புதுசான்னு அதுலயே பாதி தெரிஞ்சுரும். சனிக்கிழமை பட்டறை சாயங்காலம் வரைக்கும்தான், நீங்க சொன்னீங்கன்னா நானே கூட வந்து பார்க்கறேன்.